கை அடங்கினால் பிஸ்கட் எழும்பும்

டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரத்தார் மாவு விஷயத்தில் கறாரானவர்கள். உப்பு எந்த நிறுவனத்துடையது, சர்க்கரை எங்கே வாங்கியது என்று எவரும் கேட்பதில்லை. காலையில் பிஸ்கட் சுட்டேன் என்று சொன்னால் மட்டும் அடுத்த கேள்வி உடனே வரும்: எந்த மாவு? ஒயிட் லில்லி என்றால் பேச்சு தொடரும். வேறு பெயர் சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் லேசான இரக்கம் தெரியும். 1883-இல் இதே ஊரில் தொடங்கிய மாவு அது. 2008-இல் இங்கிருந்த ஆலையை மூடிவிட்டார்கள், அரவை வெளிமாநிலத்துக்குப் போய்விட்டது, பழைய ஆலைக் கட்டடத்தில் இப்போது குடித்தனங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஊரார் பிடி தளரவில்லை. காரில் மூன்று மணி நேரம் மேற்கே போனால் நாஷ்வில். அங்கே 1899-இல் பிறந்த மார்த்தா ஒயிட் மாவுக்குத் தனிக் கட்சி உண்டு.

அமெரிக்கத் தெற்கின் பிஸ்கட், தேநீரில் தோய்த்துத் தின்னும் வகை அல்ல. ஈஸ்ட் சேர்க்காமல், மோர் ஊற்றிப் பிசிறி, கால் மணி நேரத்துக்குள் சுட்டெடுக்கும் சின்ன வட்ட ரொட்டி. மேலும் கீழும் பொன்னிறமாக முறுகியிருக்கும், பிட்டால் உள்ளே வெண்மையாக, அடுக்கடுக்காக ஆவி பறக்கும். மாவு, கொழுப்பு, மோர், உப்பு, உப்ப வைக்க ஏதோ ஒன்று. இவ்வளவுதான் பொருள்கள். இத்தனை குறைவான பொருள்களை வைத்துக்கொண்டு இத்தனை விதமாகக் கெடுக்க முடியும் என்பது ஒரு வியப்பு. கெடுப்பது பெரும்பாலும் கைதான்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. எண்பதைத் தாண்டியவர், ஸ்மோக்கி மலையடிவாரத்துப் பண்ணையில் விறகடுப்புக்கு முன்னால் வளர்ந்தவர். அளவுக் கோப்பையை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. அகலமான மரவை ஒன்று எந்நேரமும் மாவோடு அலமாரியில் இருக்கும். மாவின் நடுவில் குழி பறிப்பார், கொழுப்பை அதில் போட்டு விரல் நுனியால் நிமிண்டுவார், மோரை ஊற்றி, குழியின் ஓரத்து மாவை உள்ளே இழுத்தபடி விரல்களைச் சுழற்றுவார். ஈரம் எவ்வளவு மாவை ஏற்குமோ அவ்வளவு மாவுதான் உருண்டையில் சேரும். மீதி மாவைச் சலித்து, மரவையிலேயே மூடி, அலமாரிக்குத் திருப்பிவிடுவார். நான் சமையலறைத் தராசை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று, அவர் கை அள்ளியதையெல்லாம் நிறுத்துக் குறித்துக்கொண்டேன். இதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

குறித்துக்கொண்டதைச் சற்றே திருத்தி நான் இன்று பயன்படுத்தும் கணக்கு இது: செல்ஃப் ரைசிங் மாவு 240 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 85 கிராம், கெட்டி மோர் 180 மில்லிலிட்டர். எட்டு பிஸ்கட் வரும். செல்ஃப் ரைசிங் மாவில் பேக்கிங் பவுடரும் உப்பும் ஆலையிலேயே கலந்துவிடுகிறார்கள். சாதா மாவாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா, அரை முதல் முக்கால் தேக்கரண்டி வரை உப்பு சேர்க்க வேண்டும். மோரின் புளிப்போடு சேர்ந்து சோடா உடனே பொங்கும். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதும் ஒருமுறை, சூடு பட்டதும் மறுமுறை வேலை செய்யும். ஆகவே மோர் ஊற்றிய பிறகு தொலைபேசியை எடுக்கக்கூடாது. ஓவன் சூடாகித் தயாராக இருந்தால்தான் மோர்ப் பாத்திரத்தையே கையில் எடுக்க வேண்டும்.

மாவுக்கு இங்கே இவ்வளவு மரியாதை இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தெற்கில் விளைவது பெரும்பாலும் மென்மையான சிவப்புக் குளிர்கால கோதுமை. ஒயிட் லில்லி மாவும் அந்த வகைக் கோதுமையில் அரைத்ததுதான். அதில் புரதம் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு அளவில்தான் இருக்கும். வடக்கே டகோட்டா பக்கம் விளையும் கெட்டிக் கோதுமையில் இது பன்னிரண்டைத் தாண்டும். புரதம் மிகுந்த மாவு நீரோடு சேர்ந்து பிசையப்படும்போது குளூட்டன் என்ற புரத வலை இறுகி, ஈஸ்ட் ரொட்டிக்குத் தேவையான இழுவையைக் கொடுக்கும். தெற்கின் மாவில் அந்த வலை இறுகாது. ஈஸ்ட் ரொட்டிக்கு அது குறை, பிஸ்கட்டுக்கு அதுவே வரம். கடையில் கிடைக்கும் பொது மாவுகளில் புரதம் பத்து முதல் பன்னிரண்டு வரை இருக்கும். அதில் பாதியைப் புரதம் குறைந்த கேக் மாவாக மாற்றிக் கலந்தால் ஓரளவு சமாளிக்கலாம். கோப்பையை மாவுக்குள் அழுத்தி அள்ளினால் கோப்பைக்கு இருபது, முப்பது கிராம் கூடிவிடும். பிஸ்கட் வறண்டு போனதாகப் புகார் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது தராசு இருக்கிறதா என்றுதான்.

மதுரைக்காரன் கைக்கு மைதாவைக் கண்டால் அடித்துப் பிசையத்தான் தோன்றும். பரோட்டா மாவை எப்படி நடத்துகிறோம் என்று நினைத்துப்பாருங்கள். எண்ணெய் விட்டுப் பிசைந்து, ஊறவைத்து, மறுபடி பிசைந்து, மேடையில் விசிறியடித்து, காகிதம் போல இழுத்து, அதற்குப் பிறகுதான் சுருட்டுகிறோம். இழுவை முற்றினால்தான் அடுக்கு பிரியும். பிஸ்கட்டிலும் அடுக்கு உண்டு, ஆனால் வழி நேர் எதிர்: இழுவை பிறப்பதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். இங்கே அடுக்கைப் பிரிப்பது உருகாத வெண்ணெய். தட்டையான வெண்ணெய்த் துணுக்கு ஒவ்வொன்றும் ஓவனில் உருகும்போது தன்னுள் இருக்கும் நீரை ஆவியாக்கி, மேலே இருக்கும் மாவைத் தூக்கிவிடும். அமெரிக்க வெண்ணெயில் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம், மீதியில் பெரும்பகுதி நீர். அந்த நீர்தான் தூக்கும் கை.

அதனால் வெண்ணெயை உறையவைத்து, கேரட் துருவும் துருவலில் பெரிய கண்ணில் துருவி மாவில் தூவிவிடுகிறேன். விரலால் லேசாகப் பிசிறினால் போதும், கரையக்கூடாது. கலந்த மாவைப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பிறகு மோரை மொத்தமாக ஊற்றி, முள்கரண்டியாலோ மரக்கரண்டியாலோ பத்துப் பதினைந்து சுற்று. அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் அது மாவாகவே தெரியாது. இங்கே ஈரம், அங்கே உலர் மாவு, விரலில் ஒட்டும், பார்க்கச் சகிக்காது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, மாவு சேரவே இல்லையே, தள்ளு, நான் ஒரு பிசை பிசைந்து தருகிறேன்" என்று கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். அவரைத் தடுத்து நிறுத்துவதுதான் அன்றைய காலை உணவின் கடினமான கட்டம்.

சேராத மாவு மடிப்பில் சேர்ந்துவிடும். மேடையில் மாவு தூவி, கலவையைக் கொட்டி, மேலேயும் கொஞ்சம் தூவி, உள்ளங்கையால் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டிவிட வேண்டும். உருட்டுக்கட்டை வேண்டாம். கடிதம் மடிப்பது போல மூன்றாக மடித்து, கால் வட்டம் திருப்பி, மறுபடி தட்டி மடிக்க வேண்டும். மூன்று நான்கு மடிப்புகளில் ஓரம் ஓரளவு நேராகி, மேற்பரப்பு அடங்கிவிடும். முழுக்க வழுவழுப்பாக ஆகிவிட்டதென்றால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். பாட்டி மடிப்பதே இல்லை. எலுமிச்சை அளவு கிள்ளி, உள்ளங்கையில் ஒருமுறை புரட்டி, சட்டியில் வைத்து, விரல் முட்டியால் மேலே ஓர் அமுக்கு. அவருடையதில் அடுக்கு தெரியாது, பஞ்சு போல இருக்கும். அடுக்கு வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஆசை. அடுக்கடுக்காகப் பிரிவதுதான் அசல் என்று சொல்லும் சமையல் குறிப்புகளை நான் நம்புவதில்லை.

வெட்டும்போது வளையத்தை மாவில் தோய்த்து நேர்கீழாக அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். பலரும் பழக்கத்தில் திருகுவார்கள். திருகினால் ஓரத்து அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிஸ்கட் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும். தண்ணீர்த் தம்ளரால் வெட்டுவதும் நல்லதல்ல, விளிம்பு கூர்மையற்றது. வளையமே இல்லையென்றால் கூரான கத்தியால் சதுரமாக வெட்டிவிடலாம். அதில் துண்டும் மிஞ்சாது. வட்டமாக வெட்டி மீந்த துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தட்டினால் இன்னும் இரண்டு வரும், கோணல்மாணலாக. எங்கள் வீட்டில் முதலில் காலியாவது அவைதான்.

மோர் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே கடையில் பட்டர்மில்க் என்று விற்பது நாம் கடைந்து, தண்ணீர் விட்டு, பெருங்காயம் போட்டுக் குடிக்கும் மோர் அல்ல. கொழுப்புக் குறைத்த பாலில் நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்கவைத்த கெட்டித் திரவம், ஊற்றினால் மெதுவாக இறங்கும். பண்ணைகளில் வெண்ணெய் கடைந்து மீந்த புளித்த மோரில்தான் ஒருகாலத்தில் பிஸ்கட் சுட்டார்கள். அந்த வகையில் பாட்டியின் தாயார் பயன்படுத்தியது நம் வீட்டு மோருக்கு நெருங்கிய உறவு. கடை மோர் இல்லாத நாளில் புளித்த தயிர் மூன்று பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு விட்டு அடித்துக்கொள்கிறேன். வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். பாலில் எலுமிச்சை பிழியும் குறுக்குவழியில் புளிப்பு வரும், கெட்டித்தன்மை வராது, மாவு வழிந்தோடும். டென்னசியின் ஜூலை மாதப் புழுக்கத்தில் மாவே ஈரம் குடித்திருக்கும் என்பதால், 180 மில்லிலிட்டரில் ஒரு மேசைக்கரண்டியைப் பிடித்துவைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் மட்டும் சேர்க்கிறேன்.

கொழுப்பு விஷயத்தில் சண்டை வேண்டாம் என்று நினைக்கிறேன், ஆனாலும் ஒரு செய்தி முக்கியம். பழைய வழக்கம் பன்றிக்கொழுப்பு. 1911-இல் பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்து செய்த கிரிஸ்கோ என்ற கெட்டிக் கொழுப்பு சந்தைக்கு வந்த பிறகு பல வீடுகள் அதற்கு மாறின. அது வெண்ணெயைவிடக் கூடிய வெப்பத்தில்தான் உருகும், அதனால் கை சூடு தாங்கும், பிஸ்கட் மிருதுவாக வரும், ருசி மட்டும் வெண்ணெயளவு இல்லை. சைவம் மட்டும் உண்பவர்கள் தெற்கின் பழைய உணவகங்களில் பிஸ்கட் வாங்குமுன் எந்தக் கொழுப்பு என்று கேட்டுவிடுவது நல்லது. பார்வைக்குத் தெரியாது. கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள்.

சூடுதான் மிச்சம். 475 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 245 செல்சியஸ். ஓவன் மணியடித்ததும் வைத்துவிடாமல் இன்னும் பதினைந்து நிமிடம் காயவிடுங்கள், காற்று சூடானாலும் சுவர் சூடாகியிருக்காது. சூடு குறைந்த ஓவனில் வெண்ணெய் ஆவியாவதற்கு முன் உருகி வழிந்து, தட்டில் குளமாக நிற்கும். எனக்கு வார்ப்பிரும்புச் சட்டி பிடிக்கும். 1896 முதல் இதே மாநிலத்துச் சௌத் பிட்ஸ்பர்க் ஊரில் லாட்ஜ் நிறுவனம் வார்த்துவரும் சட்டி பல வீடுகளில் பாட்டி, பேத்தி என்று கைமாறி வரும். சட்டியில் பிஸ்கட்டுகளை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும்படி அடுக்கினால் பக்கவாட்டில் விரிய இடமில்லாமல் மேல்நோக்கி எழும்பும், ஓரம் மென்மையாக இருக்கும். முறுகல் வேண்டுமானால் தள்ளித் தள்ளி வைக்கலாம். 12 முதல் 14 நிமிடத்தில் வெந்துவிடும். வெளியே எடுத்த கையோடு உருக்கிய வெண்ணெயை மேலே தடவ வேண்டும். சுடுவதற்கு முன்பு முட்டையோ பாலோ தடவுபவர்கள் அது ஓரத்தில் வழியாமல் பார்த்துக்கொள்ளட்டும், வழிந்தால் அடுக்கு ஒட்டிக்கொள்ளும்.

குறைந்த கைவேலையில் மென்மையான பிஸ்கட் என்பது பழங்காலத்து வழக்கமும் அல்ல. பேக்கிங் பவுடர் பரவியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அதற்கு முன் தெற்கின் வசதியான வீடுகளில் செய்தது அடித்த பிஸ்கட். மாவைக் கட்டையாலோ கோடரியின் பிடியாலோ அரை மணி நேரமும் அதற்கு மேலும் அடித்து, மடித்து, மறுபடி அடித்துக் காற்றைப் புகுத்துவார்கள். அடித்தவர்கள் உண்டவர்கள் அல்லர், அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள். எளிய குடும்பங்களுக்கு அன்றாட ரொட்டி மக்காச்சோளத்தில்தான், கோதுமை ஞாயிற்றுக்கிழமைக்கு. மலிவான மாவும் ரயிலும் பேக்கிங் பவுடரும் வந்த பிறகுதான் பிஸ்கட் தினமும் மேசைக்கு வந்தது. விடுதலை பெற்றவர்கள் வர்ஜீனியாவில் உருவாக்கிய ஃப்ரீடவுன் என்ற குடியிருப்பில் 1916-இல் பிறந்த எட்னா லூயிஸ், தெற்கின் சமையலுக்கு நாடறிந்த மதிப்பைத் தேடித்தந்தவர். கடை பேக்கிங் பவுடரில் உலோக வாடை வருகிறது என்று சொல்லி, க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புப் பொடி இரண்டு பங்கு, சமையல் சோடா ஒரு பங்கு என்று தாமே கலந்துகொண்டார். நானும் அப்படித்தான் கலந்து சிறு புட்டியில் வைத்திருக்கிறேன். ஆனால் இது ஈரம் பட்டதும் முழு வீச்சில் வேலை செய்துவிடும் வகை, சுணங்கினால் வீரியம் போய்விடும்.

தின்னும் முறைக்கு இங்கே சட்டம் இல்லை. கத்தியால் வெட்டாமல் கையால் பிளப்பது நல்லது. வெண்ணெயோடு, கரும்புச்சோளத் தண்டைப் பிழிந்து காய்ச்சிய சோர்கம் பாகைக் குழைத்துப் பூசிச் சாப்பிடுவது கிழக்கு டென்னசியின் வழக்கம். பன்றி இறைச்சி வறுத்த கொழுப்பில் மாவு கிளறி, பால் விட்டு, மிளகை அள்ளிப் போட்டுச் செய்யும் வெள்ளைக் குழம்பை ஊற்றிக்கொள்பவர்கள் உண்டு. அந்தக் குழம்பை நான் இறைச்சி இல்லாமல் வெண்ணெயில் செய்கிறேன், மிளகைக் கூட்டிக்கொள்கிறேன். அம்மா தக்காளித் தொக்கைத் தடவிச் சாப்பிட்டார். தக்காளிக் குழம்பு ஊற்றிச் சாப்பிடும் வழக்கம் தெற்கிலேயே இருப்பதால் பாட்டிக்கு அது வினோதமாகப் படவில்லை. காரம்தான் கண்ணில் நீர் வரவழைத்துவிட்டது.

மதுரைக்குப் போயிருந்தபோது அங்கேயும் சுட்டோம். கோடை காலத்தில் அந்த அடுப்படி 35 டிகிரியைத் தாண்டும். வெண்ணெய் 32-லேயே உருகத் தொடங்கிவிடும். அதனால் விடியற்காலையில் சுட்டோம். மாவு, பாத்திரம், துருவல் எல்லாவற்றையும் முந்தைய இரவே ஃப்ரீசரில் வைத்தாகிவிட்டது. நம் மைதாவின் புரதம் ஒயிட் லில்லியைவிடக் கூடுதல் என்பதால், கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி மைதாவை எடுத்துவிட்டு அதே அளவு கார்ன்ஃபிளார் சேர்த்துச் சலித்துக்கொள்ள வேண்டும். கடையில் பரவலாகக் கிடைக்கும் வெண்ணெயில் உப்பு இருக்கும், மாவில் உப்பைக் குறைக்க வேண்டும். மேசை ஓவன்கள் பெரும்பாலும் 250 டிகிரி வரை போகும், அது போதும். ஆனால் கதவைத் திறந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். தோசைக்கல் உள்ளே போகுமானால் அதையும் சேர்த்துக் காயவைத்து, அதன் மேல் தட்டை வைத்தால் அடிப்பாகம் சரியாகச் சிவக்கும்.

மொத்தமாகச் செய்து வைக்க விரும்பினால், வெட்டிய வட்டங்களைச் சுடாமலேயே தட்டில் பரப்பி உறையவைத்துப் பையில் போட்டுவிடுங்கள். ஒரு மாதம் தாங்கும். வேண்டியபோது உறைநிலையிலேயே 220 டிகிரி செல்சியஸில் வைத்தால் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். சுட்டு மீந்ததை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், முதலில் சவசவத்து, ஆறியதும் கட்டையாகிவிடும். குறுக்கே பிளந்து, வெட்டுப்பக்கம் கீழே இருக்குமாறு வெண்ணெய் தடவிய சட்டியில் மிதமான தீயில் வாட்டினால், மறுநாள் காலையில் புதிதாகச் சுட்டதைவிட இதைத்தான் முதலில் கேட்பார்கள். எங்கள் வீட்டில் இதற்காகவே இரண்டைத் தனியாக எடுத்து ஒளித்துவைக்கிறேன்.